ரத்தினம்மா ஞாபகார்த்த ஸ்கொலஷிப்புக்கு வந்தவர்கள்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு.

மதிப்புக்குரிய அழகையா மாமாவுக்கு, மருமகள் தமயந்தி பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் அவரும் சுகம். குட்டிக்குப் பல் முளைக்கிறது, ஆகவே வீட்டில் எந்தப் பொருளும் சுகமில்லை. கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி? நீங்கள் கேட்ட ஸ்கொலஷிப் விவரம் இது. வட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் "எழுத்தில வேணும், ஃபைல்ல போடணும்" என்றீர்கள். போடும் முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள், கதிரையில் உட்கார்ந்துகொண்டு.

அத்தை பேரில், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை ஒன்றின் பல்கலைக்கழகப் படிப்புக்கு, அதுதான் கெம்பஸுக்கு, மாதாமாதம் உதவுவதாகச் சொன்னீர்கள். விண்ணப்பித்து நேர்முகத்துக்கு வர வேண்டும், தவணைக்குத் தவணை ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், இந்த மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் எல்லாம் கோயில் கோபுரத்துக்கு என்றும் சொன்னீர்கள். நானும் தமிழில் பட்டம் வாங்கிய திமிரில் "ரத்தினம்மா ஞாபகார்த்தப் புலமைப்பரிசில்" என்று அழகாக நோட்டீஸ் எழுதி, கோயில் பொருளாளர் வீரையா அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சுருக்கி, "ஸ்கொலஷிப்! ஞாயித்துக்கெழம ஸ்கொலஷிப்! புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்க!" என்று மைக்கில் விட்டார்.

மாமா, நீங்கள் போய்ப் பல வருஷமானதால் மறந்திருக்கும். இந்த நாட்டில் புலமைப்பரிசில் என்றாலும் ஸ்கொலஷிப் என்றாலும் ஜனங்களுக்கு ஒன்றுதான், தரம் ஐந்துப் பிள்ளைகள் எழுதும் அந்தச் சோதனை. எனக்கு மட்டும் அது எப்படி மறந்தது என்று கேட்காதீர்கள். இன்று காலை குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால், நெற்றி நிறையத் திருநீறும் கையில் சீவிய பென்சிலுமாக ஒரு மண்டபம் நிறையப் பத்து வயது! பக்கத்தில் தாய்மார்.

"டீச்சர், பேப்பர எப்பக் குடுப்பீங்க? சாப்புட்டா தூக்கம் வரும்னு புள்ள வெறும் வயித்தோட இருக்கு" என்றார் முன்வரிசையில் இருந்த நல்லம்மா அக்கா.

"அக்கா, இது பெரிய பிள்ளைகளுக்கு."

"எம்புள்ளையும் வயசுக்கு மீறுன வளத்திதான், பாருங்க."

"இல்லக்கா, கெம்பஸ் போற பிள்ளைகளுக்கு."

"அதுக்குத்தானே இப்பவே கூட்டியாந்திருக்கோம்!"

 கெம்பஸ் கிடைத்த யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று பக்கமும் பார்த்துக் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. வீரையா அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்து, "ஆள் இல்லாட்டி கோபுரத்துக்குன்னு மாமா சொன்னாராமே?" என்று சிரித்தார். மேஸ்திரியையும் கையோடு கூட்டி வந்திருந்தார். இந்தக் களேபரத்தில் குட்டி இடுப்பிலிருந்து நழுவி, தவழ்ந்து, யாருடைய அழிறப்பரையோ கடிக்கத் தொடங்க, அப்போதுதான் பின்வாசலுக்கு வந்த ஒரு பெரிய பிள்ளை ஓடிவந்து தூக்கினாள். கோகிலவாணி என்று பேர். தங்கச்சியின் தண்ணிப் போத்தலை நிரப்பிக் காவிக்கொண்டு வந்தவள்.

"நீ என்ன படிக்கிற?"

"ஏ.எல். முடிச்சிட்டேன் டீச்சர். கெம்பஸ் கெடச்சிருக்கு. போகல. கொழும்புல கார்மென்ஸ்ல தைக்கிற வேல சொல்லியிருக்காங்க."

"நோட்டீஸ் பாக்கலையாம்மா?"

"பாத்தேனே. ஸ்கொலஷிப் தங்கச்சிக்குத்தானே?"

எனக்கு அங்கேயே என் பழைய கெம்பஸ் பக்கத்துக் கலஹா சந்தி மழை ஞாபகத்தில் பெய்யத் தொடங்கிவிட்டது மாமா. நான் பேராதனையில் படித்த காலத்தில் அத்தை மாதம் ஒருமுறை கண்டியில் பஸ் மாறி வந்து, விடுதி வாசலில் குடையோடு நின்று, "ஏ தமயந்தி, ரொட்டி ஆறுது!" என்று கூப்பிடுவார். விடுதியே ஜன்னலுக்கு வரும். ரொட்டிக்கும் மிளகாய் இடித்த கட்டசம்பலுக்கும் அடியில் மடித்த ரூபாய் நோட்டுகள், எண்ணெய் ஊறிச் சிவந்து கிடக்கும். கன்டீனில் நீட்டினால் ஜமால்தீன் நானா மோந்து பார்த்து, "மாமி வந்தாவா மகள்?" என்பார். அத்தை ஒருநாளும் என்னிடம் மார்க்ஸ் கேட்டதில்லை. "சாப்புட்டியா?" என்றுதான் கேட்பார். நான் கூசினால், "கடன்னு நெனச்சா வாங்காத. பஸ் சார்ஜுன்னு நெனச்சுக்க" என்பார். இப்போதும் சம்பல் இடிக்கிற வாசம் வந்தால் எனக்கு அத்தை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அது கிடக்கட்டும். உங்கள் விதிப்படி விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் பத்து வயதுக்காரர். கோகிலவாணி விண்ணப்பிக்கவில்லை, துணைக்கு வந்தவள். குட்டியையும் வைத்துக்கொண்டு இது எனக்குச் சரிவராது. ஆகவே பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். கோபுரத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

முழங்காலுக்குத் தைலம் போட மறக்க வேண்டாம். அத்தையின் படத்துக்கு என் பங்குக்கும் ஒரு பூ வையுங்கள். குட்டி எச்சில் முத்தம் அனுப்புகிறான்.

உங்கள் அன்பு மருமகள்,
தமயந்தி

பி.கு.: மேலே உள்ளது போன ஞாயிறு எழுதியது, தபாலில் போடக் கை வரவில்லை. கோகிலவாணி வியாழக்கிழமை கெம்பஸில் பதிந்துவிட்டாள். நீங்கள் சம்மதித்ததாகச் சொல்லிவிட்டேன், ஆகவே சம்மதித்துவிடுங்கள். ரிப்போர்ட் வராது. நல்லம்மா அக்கா பேப்பர் வாங்காமல் போகமாட்டேன் என்று நின்றதால், இனிச் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தரம் ஐந்து வகுப்பும் எடுக்கிறேன். முதல் மாதக் காசை நானே ரொட்டிக்கு அடியில் வைத்துக் கோகிலவாணிக்குக் கொடுத்தேன். "யாரு குடுத்ததுன்னு கேட்டா என்ன டீச்சர் சொல்றது?" என்றாள். பஸ் சார்ஜ் என்று சொல்லச் சொன்னேன்.