முகத்தைக் காட்டுங்கள் என்றார்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாகத்தான் வரும். மறதியும் சேர்ந்துவிட்டதால் முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுவேன். தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வந்து கேட்டபோது முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூச்சத்தில் ‘சரி’ என்று வந்துவிட்டது. என் வாழ்க்கையில் வந்த தொல்லைகளில் பாதி இப்படி வந்ததுதான். ‘முடியாது’ என்றால் ஏன் என்று கேட்பார்கள், நின்று பதில் சொல்ல வேண்டும். ‘சரி’ என்றால் உடனே அடுப்படிக்குள் போய்விடலாம்.

என் கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. கல்கத்தாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும், கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தால் கதவைத் திறந்துவிட்டு அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொள்வேன். (அவர் பாவம், சிலிண்டரிடம் கையெழுத்துக் கேட்பார்.) அப்படிப்பட்ட என்னை ஊருக்கெல்லாம் முகம் காட்ட வைக்கலாம் என்று கிளம்பினாள் என் மருமகள் ஜானகி.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை மாக்கோலம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, துணியில் தோய்த்துத் தரையில் இழுப்பது. வங்காளிகளும் இதே மாதிரி ஆல்பனா போடுகிறவர்கள்தான். அதனால் கீழ் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போட்ட கோலம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வீட்டிலிருந்து அவர்கள் சம்பந்தி வீடு, அங்கிருந்து குழந்தைக்குச் சோறூட்டும் விசேஷம் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். போவேன், குனிந்து போடுவேன், நிமிராமல் வந்துவிடுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜானகி விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் வங்காளத்திலும் கொஞ்சும்போது தமிழிலும் பேசுவாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அத்தை, நீங்க ஒரு ஃப்ரீலான்ஸ் ஆர்ட்டிஸ்ட். உங்களுக்குன்னு ஒரு பிராண்ட் வேணும்.”

“அப்படின்னா?”

“ஆபீஸ் கிடையாது, மேனேஜர் கிடையாது. நீங்களே கம்பெனி.”

என் வீட்டுக்காரர் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பரைக் கீழே இறக்கினார். “ஆபீஸ் இல்ல, மேனேஜர் இல்லன்னா, அப்பம் நானும் ஃப்ரீலான்ஸ்தானா?”

“நீங்க ரிட்டயர்டு, மாமா.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“அவங்களைத் தேடி ஆள் வருது.”

அவர் பேப்பரை மறுபடி மேலே தூக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து என்னைக் கம்பெனி ஆக்கும் வேலை தொடங்கியது. முதலில் நிறம். பிராண்டுக்கு ஒரு நிறம் வேண்டுமாம். மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. எங்கே போனாலும் அதைத்தான் கட்ட வேண்டும்.

“ஏட்டி, மாத்துச் சேலை இல்லாத குடும்பம்னுல்லா நெனைப்பாங்க?” என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்தது கதை. “பிராண்டுக்கு ஒரு ஸ்டோரி வேணும் அத்தை. ஜனங்க மனசு உருகணும். உங்க லைஃப்ல பெரிய கஷ்டம் ஏதாவது சொல்லுங்க.”

நான் ரொம்ப நேரம் யோசித்தேன். “உன் மாமனார்தான்,” என்றேன்.

பேப்பர் அசையவில்லை. ஆனால் அதன் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

கடைசியில் வந்தது முகம். ஜானகி போனில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்து, அதில் என் கை மட்டும் கோலம் போடுகிற வீடியோவாகப் போட்டிருந்தாள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறவே மாட்டேன் என்றது.

“கை யார் கை வேணும்னாலும் இருக்கலாம் அத்தை. ஃபேஸ் இருந்தாத்தான் நம்புவாங்க. முகத்தைக் காட்டுங்க, ப்ளீஸ்.”

போட்டோ எடுத்துப் பார்த்தாள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன். படத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர், “ரேஷன் கடையில அரிசி இல்லன்னு சொன்ன மாதிரி நிக்கா,” என்றார்.

இதற்கெல்லாம் நான் ஏன் தலையை ஆட்டினேன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு ஆசைதான். எங்கள் பாடாவில், அதாவது எங்கள் பேட்டையில், வருஷா வருஷம் துர்கா பூஜைக்குப் பெரிய பந்தல் போடுவார்கள். தேவிக்கு முன்னால் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்த தரை. நான் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தேவியைப் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு தரையைத்தான் பார்ப்பேன். இந்த மூலையில் தொடங்கினால் எந்த மூலையில் முடியும் என்று மனசுக்குள்ளேயே இழுத்துப் பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஜானகியிடம் எப்படியோ வாய் தவறி வந்துவிட்டது. அவள் நேரே பூஜை கமிட்டிச் செயலாளர் பிஸ்வாஸ் பாபுவிடம் போய்ப் பேசிவிட்டாள். அவர், “கரியாஹாட் பக்கம் ஒரு சேலைக்கடை திறப்பு விழாவுக்கு உன் மாமியார் ஆல்பனா போடுகிறாராமே, வந்து பார்க்கிறேன். நன்றாக இருந்தால் இந்த வருஷம் பந்தல் தரை அவருக்குத்தான்,” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடை ரீனா என்ற பெண்ணுடையது. புதுக்கடை, கறுப்புக் கல் பதித்த தரை. வாசலிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் மகாலட்சுமி நடந்து வருவதுபோல் குட்டிக் குட்டிக் கால்கள், இரண்டு பக்கமும் கொடிக்கோலம். அவ்வளவுதான் வேலை. கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் போடுகிற அதே கால்தான். தூக்கத்தில் எழுப்பிப் போடச் சொன்னாலும் போடுவேன்.

ஆனால் அன்று நான் தூக்கத்தில் இல்லை, லைவில் இருந்தேன்.

ஜானகி போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வாசல் படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நடைபாதை முழுக்கக் கூட்டம். அழைப்பு வந்தவர்கள், வராதவர்கள், பக்கத்தில் புச்கா, அதாவது பானிபூரி, தின்ன வந்தவர்கள். முன் வரிசையில் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு பிஸ்வாஸ் பாபு.

நான் வழக்கம்போலக் கல்லாப்பெட்டிப் பக்கம் போய்க் குனிந்தேன்.

“அத்தை! என்ன பண்றீங்க? முதுகு தெரியுது. இங்க வாங்க, வாசல்ல உக்காருங்க. என்னைப் பார்த்து போடுங்க.”

“அப்படியெல்லாம் போட்டுப் பழக்கமில்லம்மா...”

“லைவ் போயிட்டிருக்கு அத்தை! சிரிங்க!”

கூட்டத்தைப் பார்த்தேன். வழக்கம்போல வாயில் ‘சரி’ என்று வந்துவிட்டது. வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் என் முஷ்டியையும் மாவுக் கிண்ணத்தையும் தவிர எதையும் பார்க்கவில்லை. தோய், அழுத்து, விரல் வை, பின்னால் நகர். தோய், அழுத்து, விரல் வை, பின்னால் நகர். நிமிர்ந்தால் முகங்கள் இருக்குமே என்ற பயத்திலேயே கல்லாப்பெட்டி வரைக்கும் போய் முதுகு இடித்த பிறகுதான் நின்றேன். கை தட்டினார்கள். அப்பாடா, பந்தல் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் ரீனாவின் மாமியார் கடைக்குள்ளிருந்து வந்தார். வெள்ளைத் தலை, கனத்த உடம்பு. தரையைப் பார்த்தார். கால்கள் போகிற திசையைப் பார்த்தார். மார்பில் கையை வைத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

“பௌமா! லொக்கி தோ பெரியே ஜாச்சேன்!”

லட்சுமி வெளியே போகிறாளே என்று அர்த்தம்.

குனிந்து பார்த்தேன். அத்தனை காலும் கல்லாப்பெட்டியில் புறப்பட்டு, வரிசையாக, கொஞ்சம்கூடத் தயங்காமல், வாசல் வழியாகக் கரியாஹாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

ஆண்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். முஷ்டியைப் பக்கவாட்டில் அழுத்தினால் பாதம் விழும். அதன் தலையில் ஐந்து பொட்டு வைத்தால் விரல். அந்த விரல் எப்போதும் போடுகிறவளை விட்டு விலகிப் போகிற திசையைத்தான் பார்க்கும். அதனால்தான் நாம் உள்ளே பார்த்து உட்கார்ந்து, உள்ளேயிருந்து வாசலுக்குப் பின்னாலேயே நகர்ந்து வருவோம். லட்சுமி உள்ளே வர வேண்டுமானால் போடுகிறவள் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். நானோ முகத்தைக் காட்டிவிட்டேன்.

ரீனாவின் முகம் வெளுத்தது. முதல் நாள், முதல் வியாபாரம், அதற்குள் லட்சுமி கிளம்பிவிட்டாள். மாமியார் அழவே தொடங்கிவிட்டார். பிஸ்வாஸ் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். என் பந்தல் தரை என் கண் முன்னாலேயே சுருட்டிக்கொண்டு போவது தெரிந்தது.

அப்புறம் நான் செய்தது எனக்கே சரியாக நினைவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். முந்தானையை உருவி, முட்டி போட்டுக்கொண்டு வாசல் கால்களைத் துடைக்கப் பாய்ந்தேனாம். ஈர மாவு துடைத்தால் போகுமா? தரை முழுக்கத் தோசை ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வங்காள மொழி மறந்துபோனது. நேரே மகாலட்சுமியிடமே தமிழில் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

“தாயே, போகாத! திரும்பு! அந்தப் பக்கம் பஸ் வருது தாயே! திரும்பு, திரும்பு, திரும்பு!”

வாழ்நாளில் முதல் தடவையாக என் குரல் தெருவுக்குக் கேட்டது.

முன்னால் நின்ற ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்ல ஏதோ சொன்னாள். இது தென்னாட்டுச் சடங்கு, முதலில் லட்சுமியை வெளியே அனுப்புவதுபோல் போட்டுவிட்டுப் பிறகு கெஞ்சி உள்ளே அழைப்பார்கள் என்றாளாம். (எங்கிருந்துதான் பிடித்தாளோ, நன்றாயிருக்கட்டும்.) உடனே அவள் நாக்கைச் சுழற்றி உலு கொடுத்தாள். நம் ஊர்க் குலவைதான், கொஞ்சம் சத்தம் கூட. எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஒவ்வொரு ‘திரும்பு’ சொல்லும்போதும் ஒரு உலு. ரீனாவின் மாமியார் கண்ணைத் துடைத்துவிட்டு அவரும் ஊதினாரே ஒரு சங்கு! அடுத்த கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டார்.

இனி எப்படி ‘இல்லை, தப்பாகப் போட்டுவிட்டேன்’ என்று சொல்வது? மிச்சக் கால்களையும் துடைத்துக்கொண்டே கல்லாப்பெட்டிக்குப் போனேன். ஜானகியையும் போனையும் மறந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தோய், அழுத்து, விரல் வை, பின்னால் நகர். என் மூக்குக்கண்ணாடியெல்லாம் மாவு, ஒன்றும் தெரியவில்லை. கை தானாகப் போட்டது. பின்னாலேயே நகர்ந்து, நகர்ந்து, படியும் வந்துவிட்டது. கடைசி ஜோடி. இடது காலைப் போட்டேன். வலது காலுக்கு முஷ்டியை அழுத்தினேன்.

தரை கொஞ்சம் மெத்தென்று இருந்தது. இருந்தால் என்ன என்று விரல்களையும் வைத்துவிட்டேன்.

“மாஷிமா,” என்றது மேலேயிருந்து ஒரு குரல். “ஆமாகேஓ?”

‘பெரியம்மா, எனக்குமா?’ என்று கேட்டவர் பிஸ்வாஸ் பாபு. குனிந்து பார்க்கலாம் என்று படியில் ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறார். அவருடைய ஷூவின் மேல் வெள்ளை வெளேரென்று மகாலட்சுமியின் பாதம்.

பூமி பிளந்தால் தேவலை என்று உட்கார்ந்திருந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டமே சிரித்தது, குச்சியில் இருந்த போன்கூட ஆடியது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “பூஜை தொடங்குகிற ஷஷ்டிக்கு முன்னால் வந்துவிடுங்கள் மாஷிமா. தரை உங்களுக்குத்தான். ஆனால் தேவியைப் பார்த்துப் போடுங்கள், போனைப் பார்த்து வேண்டாம்.”

போட்டேன். பந்தல் தரை முழுக்கப் போட்டேன். அதைப் பற்றி எழுதச் சொன்னால் அழுகை வரும், விட்டுவிடுகிறேன்.

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஜானகி ஒரு கணக்குச் சொன்னாள், நான் நம்பவில்லை. ஆனால் இரண்டு கடைக்காரர்கள் கூப்பிட்டு, “அந்தத் திரும்புப் பூஜை எங்களுக்கும் வேண்டும், முதலில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் உள்ளே அழைக்க வேண்டும்,” என்று கேட்டது நிஜம். அவர்களுக்கும் ‘சரி’ என்றுதான் சொன்னேன். (ஜானகி பிற்பாடு பேசித் தவிர்த்தாள்.)

இப்போது போனில் இருக்கிற என் பக்கத்தில் முகம் கிடையாது. மஞ்சள் சேலை கட்டிய என் முதுகுதான் படம். அதுதான் பிராண்டாம். கரியாஹாட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து “மாஷிமா!” என்று ஆசையாகக் கூப்பிடுவார்கள். திரும்பினால், “ஓ, வேற யாரோன்னு நெனைச்சோம்,” என்று போய்விடுவார்கள். எனக்கு இதைவிட வசதி வேறில்லை.

வீட்டில்தான் விடுதலை கிடையாது. குடும்பப் படம் எடுத்தால் எல்லோரும் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் தினமும் சந்தைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “ஏட்டி, என் காலு எந்தப் பக்கம் பாக்கு? போலாமா, திரும்பட்டுமா?” என்று கேட்காமல் செருப்புப் போடுவதில்லை. நானும் தவறாமல், “போங்க, திரும்ப வேண்டாம்,” என்கிறேன்.

இதில் வங்காளச் சொற்களைத் தப்பாக எழுதியிருப்பேன், மலர்க்காரர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சங்கு ஊதியது மாமியாரா, பக்கத்தில் நின்றவரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். இன்னொன்று, பிஸ்வாஸ் பாபுவின் ஷூவில் நான் ஐந்து விரல் வைத்தேனா, பதற்றத்தில் ஆறு வைத்துவிட்டேனா? யாராவது அந்த வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. கூச்சமாக இருக்கிறது.