படி எண் பூஜ்யம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பழத்தைப் பழமாக விற்பது மடத்தனம் என்பதைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கத் தோட்டக்கலை அலுவலகம் ஆண்டுக்கு நான்கு கூட்டம் போட்டது. நான்கிலும் மேடையில் மூன்றாவது நாற்காலி நம் முன்னோடிக்கு உரியது.

'மதிப்புக் கூட்டல் முன்னோடி' என்பது அலுவலகம் அவருக்குக் கொடுத்த பட்டம். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும் கொடுத்திருந்தார்கள். மற்ற கொய்யா விவசாயிகள் அவரை ஜாம் அண்ணன் என்பார்கள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதை நினைத்தால் அவருக்குச் சில சமயம் உறுத்தும். தேநீரும் பிஸ்கட்டும் வந்ததும் சரியாகிவிடும்.

அவருடைய மாபெரும் வெற்றிக்குச் சாட்சி பன்னிரண்டு பாட்டில் கொய்யா ஜாம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை காய்ச்சியது. மொத்தம் பதின்மூன்று பாட்டில். பதின்மூன்றாவதை வீட்டில் திறந்தார்கள். மனைவி கரண்டியை உள்ளே விட்டுக் கையை எடுத்தாள். கரண்டி நேராக நின்றது. "ஜன்னல் கண்ணாடி ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கே, அதுக்குப் பசையா வச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். வைத்தார்கள். இன்றுவரை ஆடவில்லை.

மற்ற பன்னிரண்டும் வைக்கோல் போட்ட பெட்டியில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்வந்தன. ஒவ்வொரு முறையும் தேதிச் சீட்டை மட்டும் புதிதாக ஒட்டுவார். யாராவது விலை கேட்டால் 'காட்சிக்கு மட்டும்' என்ற அட்டையைப் பணிவோடு காட்டுவார்.

அப்படியானால் அவருடைய தோட்டத்துப் பழமெல்லாம் என்ன ஆயிற்று? நல்ல கேள்வி. ஆறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. காலை ஆறு மணிக்கு வியாபாரியின் லாரி வரும். மொத்தப் பழத்தையும் பழமாகவே ஏற்றி அனுப்புவார். பிறகு குளித்து, வில்லையைக் குத்திக்கொண்டு, பழத்தைப் பழமாக விற்கக் கூடாது என்று பேசப் போய்விடுவார்.

அன்றும் ஏற்றிவிட்டுத்தான் வந்தார். மேசைமேல் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "அண்ணே" என்று குரல் கேட்டது. அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் சாவகாசமாகத் திரும்பினார். நிஜமாகவே அவருடைய தங்கை நின்றாள்.

மாப்பிள்ளை வெளியூர் வேலையில் இருப்பதால் அறுபது கொய்யா மரத்தையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவள். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனால் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஜாம் மகாத்மியத்தைக் கேட்டு வளர்ந்த நம்பிக்கை அவளுடையது.

"பறிச்சு முடிச்சாச்சுண்ணே. லாரிக்காரர் வந்தார், ஒரு பழம்கூடக் கிடையாதுன்னுட்டேன். அண்டா வாங்கிட்டேன், நானூறு பாட்டிலுக்கும் சொல்லிட்டேன். நீ பேசுறத எழுதிக்கிட்டுப் போய் அடுப்பைப் பத்த வைக்க வேண்டியதுதான்."

முன்னோடி கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தார். லாரி போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். எடை மேடை பக்கத்தில் நிற்கிறது, பதினோரு மணிக்குக் கிளம்பும், இனி அடுத்த வாரம்தான் வரும் என்றாள். பறித்த கொய்யா மூன்று நாள் தாங்காது. மணி பத்து இருபது.

அவளைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பயிற்சி அதிகாரி ஒலிபெருக்கியில், "நம் பெருமைக்குரிய முன்னோடி இப்போது ஏழு படிகளை விளக்குவார்" என்று அறிவித்துவிட்டார். கைதட்டல் எழுந்தது. கைதட்டலை மதிக்காமல் போகும் பழக்கம் முன்னோடிக்கு இல்லை.

அரங்கைப் பார்த்தார். முப்பது நாற்பது பேர். கடைசி வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட விவசாயி ஒருவர் இருந்தார்; எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். போன வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு போனவர். போய், விளைந்தது அத்தனையையும் காய்ச்சினார். வாங்க ஆளில்லை. மாட்டுக்கு வைத்தார், இரண்டாம் நாள் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த முறை பிஸ்கட்டுக்காக வந்திருப்பதாக வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதல் படி, கழுவுதல்" என்று தொடங்கினார் முன்னோடி. தங்கை எழுதினாள். "இரண்டாம் படி, நறுக்குதல்." எழுதி அடிக்கோடு போட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுதியது போலவே நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. முன்னோடிக்கு அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது. மூன்றாம் படியைச் சொல்லாமல் நிறுத்தினார்.

"மன்னிக்கணும். முதல் படிக்கு முன்னாடி ஒரு படி இருக்கு" என்றார்.

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். "ஏழுதானே போட்டிருக்கு?"

"இது பூஜ்யமாவது படி சார். பழத்தை லாரியில ஏத்தி அனுப்பிடணும்."

"எவ்வளவு?"

"மொத்தமும்."

"அப்போ ஜாமுக்குப் பழம்?"

"வேண்டியதில்ல சார். நான் அப்படித்தான் செய்யறேன். இன்னைக்குக் காலையிலகூட."

முன்னோடி வில்லையைத் தொட்டுப் பார்த்தார். கழற்றிக் கொடுக்கத் தயாராகவே இருந்தார். ஆனால் அலுவலகம் என்பது உண்மையைக் கண்டு பதறும் இடமல்ல. அதற்கு ஒரு தலைப்பு கொடுக்கத் தெரிந்த இடம். அதிகாரி அரை நிமிடம் யோசித்தார். பிறகு பலகையில், 'படி எண் 0: மூலப்பொருளை முன்கூட்டியே வெளியேற்றி இடர் தவிர்த்தல்' என்று எழுதினார். கையேட்டின் அடுத்த பதிப்பில் இது சேர்க்கப்படும் என்றும், முன்னோடி மீண்டும் ஒருமுறை முன்னோடி என நிரூபித்துவிட்டார் என்றும் சொன்னார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

தங்கை மட்டும் எழுதவில்லை. அண்ணனையும் பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். "கிளம்பிடாதீங்க, ஏத்திக்கலாம்" என்று அவள் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. மணி பத்து ஐம்பது.

முன்னோடிக்கு உடம்பே லேசாகிவிட்டது. பட்டத்தையும் பொருட்படுத்தாமல், நிறைந்த சபையில், உள்ளதை உள்ளபடி சொன்ன மனிதன் இந்த வட்டாரத்தில் வேறு யார்? தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அழகில்லை என்று தெரிந்தும் கொஞ்சம் மெச்சிக்கொண்டார்.

யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். வழக்கத்துக்கு மாறாகக் கடைசி வரிசையில் கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"அண்ணே, இந்தப் பூஜ்யமாவது படியைப் போன வருஷம் நீங்க சொல்லலையே?"

அது இப்போதுதான் அனுபவத்தில் தெளிவானது என்று முன்னோடி இழுத்தார்.

கண்ணாடிக்காரர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

"புரியுதுண்ணே. போன வருஷம் உங்க தங்கச்சி வரல."