மலைக்குப் போன வாலிபர் முகாம்

"வாலிபர் ஊழியமெல்லாம் நல்லா போய்க்கினு இருக்குதுங்க ஐயா. வாலிபருங்கதான் கொஞ்சம் கம்மி."

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தமிழ்மொழியின் காதில் இது விழுந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தவர் ராஜேஷ்குமார், கள்ளக்குறிச்சி நல்மேய்ப்பர் சபையின் வாலிபர் சங்கச் செயலாளர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சங்கத்துக்குத் தலைவர் இருந்தார், செயற்குழு இருந்தது, துணைக்குழுக்கள் இருந்தன. பேனர் இருந்தது, பேனரில் புறாவும் இருந்தது. வாலிபர் என்று எண்ணினால் மூன்று பேர் தேறுவார்கள்: தமிழ்மொழி, கவியா, அஜய்.

தலைவர் தீனதயாளன் ஐயா பேரன் பேத்தி எடுத்தவர். வாலிபராக இருந்த காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பிறகு எதிர்த்து யாரும் நிற்காததால் இன்றுவரை வாலிபராகவே நீடித்து வருகிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாலிபர் கூட்டத்துக்கு வந்துவிடுவார். ராஜேஷ்குமார் அவருக்கு ரொம்ப இளையவர். தலைச்சாயம் போடுகிற வாரங்களில் இன்னும் இளையவர்.

தமிழ்மொழி பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வாயில்லாத பெண் என்று தெருவில் பேர். அந்த வாய் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் திறக்கும். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளி அறையில் மூவரும் கூடிப் பாடுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள், பிறகு விளக்கு வைக்கும்வரை பேசுவார்கள். இப்போது அஜய்க்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்திருந்தது; போய்ச் சேரச் சில மாதம் இருந்தது. கவியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஜய் கிளம்புவதற்குள் ஒரே ஒரு நாள் மூவரும் கல்வராயன் மலைக்குப் போய், அருவிப் பக்கம் உட்கார்ந்து பாடிவிட்டு வர வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

மலைக்கு பஸ் இருக்கிறது. ஆனால் அவள் அம்மா, "சபையில இருந்து போனா போ. நீங்களா போறதுன்னா வாணாம்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே விஷயம் முறைப்படி செயற்குழுவுக்குச் சென்றது.

"மலைன்னா சாதாரணமா? முதல்ல கர்த்தர்கிட்ட இருந்து தரிசனம் வேணும்" என்றார் தீனதயாளன் ஐயா.

"தரிசனத்துக்கு முன்னாடி தீம் வேணுங்க ஐயா. இப்பல்லாம் தீம் இல்லாம எந்த ஊர்லயும் கேம்ப் போடறதில்ல" என்றார் ராஜேஷ்குமார்.

போகும் இடம் மலை என்பதைக் கருத்தில் கொண்டு 'உயரம்' என்பது தீமாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. உயரத்துக்குக் கழுகு பொருத்தமானது என்பதால் டி-ஷர்ட்டில் கழுகு போடவும் முடிவானது. கழுகு இடப்பக்கம் பார்ப்பதா வலப்பக்கம் பார்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்து, அது ஒரு துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. துணைக்குழு பல வாரம் ஜெபித்து, கழுகு நேராகப் பார்க்கட்டும் என்று பரிந்துரைத்தது. அச்சாகி வந்ததைப் பார்த்தால் ஆந்தை. டி-ஷர்ட்டுகள் எல்லாமே செயற்குழு உறுப்பினர்களின் வயிற்றுக்கு அளவாக வந்திருந்தன. வாலிபர்களிடம் அளவு கேட்கப்படவில்லை. திட்டமிடும் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டால் திட்டமிடலுக்கு இடைஞ்சல் என்பது சங்கத்தின் நெடுநாள் அனுபவம்.

தமிழ்மொழி தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ராஜேஷ்குமாரிடம் போனாள்.

"அண்ணே, அஜய் ஓசூர் போறான். அதுக்குள்ள..."

"போயிடலாம்மா. அதுக்கு முன்னாடி நாங்க ஒருவாட்டி போயிட்டு வந்துடறோம். முன்னோட்ட முகாம்."

"நீங்க போய் இன்னா அண்ணே பண்ணுவீங்க?"

"நீங்க இன்னா பண்ணுவீங்களோ அத்தையே பண்ணிப் பாப்போம். பாறை வழுக்குதா, காத்து ஜாஸ்தியா அடிக்குதான்னு தெரியாம வாலிபப் பிள்ளைங்கள அனுப்ப முடியுமா? சபைக்கு நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

இப்படியாக வாலிபர்களின் நலன் கருதி, வாலிபர்கள் நீங்கலாக, முன்னோட்ட முகாம் புறப்பட்டது. வாலிபப் பெண்களின் சார்பில் மகளிர் ஐக்கியத்திலிருந்து கமலா ஆன்ட்டி பிரியாணி அண்டாவோடு வேனில் ஏறிக்கொண்டார். திரும்பி வந்த மறுநாள் அவரே தமிழ்மொழியிடம் வர்ணித்தார்.

"இன்னா குளுருடி அந்தத் தண்ணி. சாக்கு ஓட்டம் வச்சாங்க. தீனதயாளன் ஐயா பாதி வழியில வுழுந்துட்டாரு. அவருக்குத்தான் முதல் பரிசு."

"வுழுந்தவருக்கா ஆன்ட்டி?"

"மத்தவங்க கிளம்பும்போதே வுழுந்துட்டாங்கடி."

முன்னோட்டம் இவ்வளவு சிறப்பாக அமைந்துவிட்டதால் செயற்குழு ஒரு சிக்கலைச் சந்தித்தது. பாட்டு, விளையாட்டு, தேவசெய்தி, பிரியாணி எல்லாம் நடந்து முடிந்திருந்தன. முடிந்த முகாமை மறுபடி நடத்த விதியில் இடமில்லை. எனவே வாலிபர் முகாம் வெற்றிகரமாக நிறைவுற்றதாக அறிவித்து, ஸ்தோத்திர ஆராதனைக்கு நாள் குறித்தார்கள். அதில் வாலிபர்கள் முகாமில் பெற்ற ஆசீர்வாதத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

"நாங்க போவவே இல்லையே அண்ணே" என்றாள் கவியா. அவள் தமிழ்மொழி மாதிரி இல்லை, கேட்டுவிடுவாள்.

"உங்களுக்காகத்தானே போனோம்? உங்களுக்குள்ள ஒரு மாற்றமும் தெரியலயா?" ராஜேஷ்குமாரின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்மொழியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"முகாமுக்கு நாங்க யாரும் போகல" என்றாள். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தீனதயாளன் ஐயா மெல்ல எழுந்து கைகளை உயர்த்தினார். "எவ்வளவு தாழ்மை பாருங்க. போயிட்டு வந்துட்டும் போனோம்னு சொல்லிக்கல. ஸ்தோத்திரம்" என்றார். பெண்கள் பக்கத்தில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய தாழ்மையை வீணாக விடலாகாது என்று, மூவரையும் வைத்து இளைய வாலிபர் சங்கம் அன்றே தொடங்கப்பட்டது. தமிழ்மொழி தலைவர், கவியா செயலாளர், அஜய் பொருளாளர்.

"உறுப்பினருங்க யாருண்ணே?" என்று கேட்டான் அஜய்.

"முதல்ல தலைவருங்க உருவாகணும்டா. உறுப்பினருங்க தானா வருவாங்க. இப்ப எல்லா இடத்துலயும் லீடர்ஷிப்தான்" என்றார் ராஜேஷ்குமார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஞாயிறு பள்ளி அறையில் தலைமைத்துவப் பயிற்சி ஆரம்பமாயிற்று. பாட்டுக்கு நேரமில்லை. கூட்டத்தை எப்படித் துவக்குவது, எப்படி முன்மொழிவது, எப்படி வழிமொழிவது, கருத்து வேறுபாட்டை எப்படித் துணைக்குழுவுக்குத் தள்ளுவது என்று ராஜேஷ்குமார் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினார். வாயில்லாத பெண்ணுக்கு அது ஆச்சரியமாக வசப்பட்டது. 'தலைவர் அவர்களே' என்று கூப்பிட்டால் அவளுக்கு வாய் தானாகத் திறந்தது.

அஜய் ஓசூர் கிளம்ப ஒரு நாள் இருந்தது. தமிழ்மொழி அம்மாவிடம் போய், "சபையில இருந்து மலைக்குப் போறோம்" என்றாள்.

"சபையில யாரு?"

"தலைவர், செயலாளர், பொருளாளர்."

அம்மாவுக்குத் திருப்தி.

காலையில் வெள்ளிமலை போகும் பிரைவேட் பஸ்ஸில் மூவரும் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியது. ஜன்னலில் குளிர்ந்த காற்று வந்தது.

"பெரியார் அருவிக்குப் போலாம். ரோட்டோரமே இருக்குது" என்றாள் கவியா.

"மேகம் அருவிதான் நல்லா இருக்கும். நடக்கணும், அவ்ளோதான்" என்றான் அஜய்.

"ஒவ்வொருத்தரா முன்மொழியுங்க" என்றாள் தமிழ்மொழி.

கவியா பெரியாரை முன்மொழிந்தாள். வழிமொழிய ஆள் இல்லை. அஜய் மேகத்தை முன்மொழிந்தான். அதற்கும் இல்லை. தலைவர் வழிமொழிந்தால் நடுநிலை கெடும். இரண்டு அருவிகளையும் ஒப்பிட்டு ஆராயத் துணைக்குழு அமைக்கலாம் என்று அஜய் சொன்னான். துணைக்குழுவில் செயலாளர் இருக்கலாமா என்று கவியா கேட்டாள். சூடு பிடித்தது. பெரியார் அருவி நிறுத்தத்தில் பஸ் நின்று, சிலர் இறங்கி, மறுபடி கிளம்பியது. துணைக்குழுவுக்கு யார் பெயரையும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிமலையில் பஸ் காலியானது. கண்டக்டர் கொளஞ்சியப்பன் கடைசி சீட்டுக்கு வந்தார்.

"எறங்கலயா? கடைசி ஸ்டாப்பு இதான்."

"கூட்டம் நடந்துக்கினு இருக்குதுங்கண்ணே" என்றான் அஜய்.

"வண்டி திரும்பக் கள்ளக்குறிச்சிக்கில்ல போவுது?"

கவியாவும் அஜயும் தலைவரைப் பார்த்தார்கள்.

தமிழ்மொழி பையைத் திறந்து, கள்ளக்குறிச்சிக்கு மூன்று டிக்கெட் வாங்கினாள்.