தாம்பூலம் மாற்றி வாங்கிய கிரேன்

பெரிய மனுஷி என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் நாம் யார் பேச்சையும் கேட்பதில்லை. நான் அப்படித்தான் கெட்டேன்.

ஆரணியில் எங்கள் பட்டறை. அரிசி மில்லுகளுக்கு பாய்லர் செய்கிறோம். வீட்டுக்காரர் போன பிறகு முதலாளி நான்தான். (படிப்பு கம்மி; கையெழுத்து மட்டும் ஜோராகப் போடுவேன்.) களம்பூர் மில்காரர் ஒருத்தர் பெரிய பாய்லர் கேட்டார். இதைச் சொன்ன தேதிக்குச் சரியாகக் கொடுத்தால் அடுத்த ஆர்டரும் நமக்குத்தான் என்றார். அதைத் தூக்க, கூரைக்குக் கீழே ஓடுகிற கிரேன் வேண்டும். மூன்று கிரேன் கம்பெனிகளை வரச் சொன்னோம்.

என் மருமகள் தேன்மொழி பட்டறை ஆட்களையெல்லாம் விசாரித்துக் கேள்வி சேர்த்தாள்.

"கொக்கி எவ்ளோ உசரம் போவும், கரண்டு போனா சரக்கு தொங்குமா, ரிப்பேர்னா யார் வருவாங்க... மூணு கம்பெனியையும் இதையே கேக்கணும் அத்தை. அப்பதான் யாரு மழுப்புறாங்கன்னு தெரியும்."

முதல் கம்பெனிக்காரர் வந்தார். நெற்றி நிறைய விபூதி. "அம்மா" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அங்கேயே நான் பாதி காலி. ராகு காலம் வேறு நெருங்குகிறது. ஜல்தியாக வெற்றிலைத் தட்டில் அட்வான்சை வைத்து நீட்டிவிட்டேன்.

"சார், கொக்கி..." என்று தேன்மொழி ஆரம்பித்தாள்.

"உக்காரும்மா! தாம்பூலம் மாத்தினப்புறம் என்னா கேள்வி? நிச்சயம் முடிஞ்சப்புறம் பொண்ணோட பல்ல எண்ணுவாங்களா?"

ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துகினு உள்ளே போய்விட்டாள். மற்ற இரண்டு கம்பெனியையும் வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

கிரேன் வந்தது. எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, களம்பூர்க்காரர் எதிரிலேயே பாய்லரைத் தூக்கினோம். லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கொக்கி உச்சிக்குப் போய் முட்டிகினு நிற்கிறது. பாய்லரின் அடி லாரித் தட்டுக்கு ஒரு முழம் கீழே தொங்குகிறது.

"என்னாம்மா, கிரேனு பாய்லர தூக்குதா, கொஞ்சுதா?" என்றார் அவர்.

வெளியிலிருந்து கிரேன் வண்டி பிடித்து ஏற்றுவதற்குள் சொன்ன தேதி தவறிப்போச்சு. அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. கம்பெனிக்காரருக்குப் போன் போட்டால், "நீங்க கேக்கவே இல்லியேம்மா" என்கிறார். அதுவும் நிஜம்தானே.

தேன்மொழி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி மனசு ஆறியிருப்பேன். ஆள் வைத்து, லாரி இறங்கி நிற்கத் தரையில் சரிவாகப் பள்ளம் எடுத்தாள். அவ்வளவுதான்.

இப்போது லாரி வந்தாலே, "அத்தை பள்ளத்துல எறக்கு!" என்று ஆட்கள் கத்துகிறார்கள். மழை பெய்தால் பேத்தி ஓடிவந்து, "ஆயா, உன் பள்ளம் ரொம்பிடுச்சி" என்கிறாள். எழுந்துபோய் மோட்டார் போட்டு இறைக்கிறேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துகினேன்.