இறந்த தேதி மட்டும் காலி

நான் ஒழுங்கான ஆள். சாவதென்றாலும் உரிய படிவத்தில்தான் சாவேன். முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் கோப்புகளைப் புரட்டியவனுக்கு வேறென்ன தெரியும்?

பழவேற்காடு ஏரியில் படகிலேயே என் தம்பி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அதற்கு முதல் நாள், "அண்ணா, மார இன்னாவோ பண்ணுது" என்றான்.

"கேஸ்தான்டா, சோடா குடி" என்றேன். (குடித்தான். நான் படித்தவன் அல்லவா.)

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே வலி எனக்கு வந்தது. ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தம் எல்லாமே சரி என்றார்கள். கோப்பில் எல்லாம் சரியாக இருந்தால் எங்கோ தப்பு இருக்கிறது என்பது என் சர்வீஸ் அனுபவம். நான் போன பின் மனைவி அலையக் கூடாதென்று வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். இறந்த தேதி மட்டும் காலி.

பொன்னேரி டாக்டரிடம் ரிப்போர்ட் ஃபைலை நீட்டினேன். முதல் தாளை நெடுநேரம் படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் என்ன சார் செய்யணும்? தேதி போடணுமா?"

கூட வந்திருந்த மனைவி அந்த வாரிசு விண்ணப்பத்தைப் பிடுங்கினாள். "அடப்பாவி மனுஷா! என் வயச ரெண்டு ஏத்திப் போட்டுகிறீங்களே!"

டாக்டர் மற்ற தாள்களையும் பார்த்துவிட்டு, என் நெஞ்செலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் கத்தியதில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. விலா எலும்பு சேர்ற இடம் ரணமாயிருக்கு. சில பேருக்கு பயத்துல வலிக்கும், சில பேருக்கு கேஸ்ல."

நான் தரையைப் பார்த்தேன்.

"கனமா எதையாவது தள்ளினீங்களா?"

"தம்பி வூட்டுப் பாடு போய்டும்னு இவரே படகு தள்ளப் போனாரு டாக்டர்" என்றாள் மனைவி. "கழிய தோள்ல குடுக்காம மார்ல முட்டுக் குடுத்தாரு. கரையில அத்தன பேரும் சிரிச்சாங்க."

ஏரியில் எந்த வீடு என்றைக்கு வலை போடலாம் என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. அன்று ஆள் வராத வீட்டுக்கு அந்த முறை போச்சு. தம்பி மனைவிக்கு அது போகக் கூடாதென்று இறங்கினேன். விதி முழுக்கத் தெரியும். கழி பிடிக்கத்தான் தெரியாது.

மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. படிவம் பீரோவில் இருக்கிறது. இன்றும் நான் நெஞ்சில் கை வைத்தால், "இன்னாங்க, தேதி போட்டுடவா?" என்பாள் மனைவி. வீடே சிரிக்கும்.

தம்பி மனைவி மட்டும் சிரிக்காமல் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொள்வாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப.