பாலன்டைன் ஐயா தொடாத சீமைப்பலா

லோமண்ட் துறை,
செயின்ட் வின்சென்ட்.

புரூக்ளின் குளிரில் எங்களையும் சேர்த்துச் சுமக்கும் அருமை அக்கா யூலாலிக்கு, தம்பி கத்பர்ட் பணிவோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான், என் வீட்டுக்காரி வெர்லின், படகு மூவரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ சாமான்கள் அடைத்துக் கப்பலில் அனுப்பிய பீப்பாய் வந்து சேர்ந்தது. மீன்பிடிக்கிறவன் வீட்டுக்கு எதற்கு டின் மீன் என்று வெர்லின் கேட்டாள். அக்கா அன்பாக அனுப்பியதில் குற்றம் பார்க்காதே என்று அடக்கிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரைக்குப் போகும் பாதை திரும்பக் கிடைத்துவிட்டது! எல்லாம் பாலன்டைன் ஐயாவின் புண்ணியம்.

உனக்கு நினைவிருக்கும், பக்கத்து நிலத்துக்காரன் வில்மத் பாதையின் குறுக்கே வேலி போட்டதும், படகு இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடைப் பள்ளம் வழியாக நான் கரைக்குப் போக ஆரம்பித்தேன். தோள் போனது, இடுப்பு போனது, தொழிலும் போய்விடும் போலிருந்தது. அப்போது இளம் வக்கீலாக இருந்த லெமுவேல் பாலன்டைன்தான் வழக்கை எடுத்தார். கட்டணம் என்ன என்றால், சனிக்கிழமை தோறும் வெர்லின் சுடும் சீமைப்பலாவும் பொரித்த பாரை மீனும் போதும் என்றார். வழக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கியது, ஐயாவின் தொப்பை மட்டும் முன்னேறியது. பிறகு ஒருநாள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "கத்பர்ட், ஒவ்வொரு பாதைக்கா கோர்ட்டுல கத்திக்கிட்டிருக்கறதுக்கு, சட்டசபைக்கே போயிட்டா எல்லாப் பாதைக்கும் சேர்த்து ஒரு சட்டம் போட்டுடலாமே" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. ஊர் ஊராக ஒலிபெருக்கியில் கத்தி ஜெயிக்க வைத்தேன். மந்திரியாகவும் ஆனார், ஆனால் வாழைக்கும் வள்ளிக்கிழங்குக்கும்தான் மந்திரி. மந்திரி வழக்காடக் கூடாதாம், என் வழக்கு தூங்கிவிட்டது. அடுத்த தேர்தலில் மேடையேறி, "படகுத்துறை கட்ட இப்போ பணமில்ல, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். கைதட்டிய அதே ஜனம் தோற்கடித்துவிட்டது. என் தொண்டையும் அவர் பதவியும் ஒன்றாகப் போயின. கொஞ்ச காலம் கழித்து அவரை நீதிபதியாக்கினார்கள். என் வழக்கு விழித்துக்கொண்டு நேராக அவர் முன்னாலேயே போய் நின்றது!

ரம் கடையில் எல்லோரும் முதுகில் தட்டி, "இனி என்னடா, பாதை உன் பையில" என்றார்கள். நீ அனுப்பிய கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். ஐயா உள்ளே வந்து, கண்ணாடியைச் சரிசெய்து, "இந்த வழக்கைப் பொறுத்தவரை நான்..." என்று வாயெடுத்தார். ஞாயிறு தோறும் ஆராதனையில் எழுந்து நன்றி சொல்லிப் பழகிய வாய் அல்லவா, அடக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "கர்த்தருக்கு நன்றி! எங்க வீட்டு சீமைப்பலாவைச் சாப்பிட்டு வளர்ந்த ஐயா இன்னைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காரு!" என்று ஆரம்பித்து, பாரை மீன், ஒலிபெருக்கி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் "ஆமென்" கூடச் சொன்னார்கள். ஐயா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, "கத்பர்ட், உட்காருப்பா" என்றார். வழக்கிலிருந்து விலகிவிட்டார்.

ஊரே என்னைத் திட்டியது. வில்மத் கடையில் எல்லோருக்கும் ரம் வாங்கிக் கொடுத்தான். கோர்ட் குமாஸ்தாதான் என்மேல் இரக்கப்பட்டு, "அவர் விலகத்தான்யா வாயெடுத்தாரு. நீ பேசாம இருந்திருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும்" என்றான்.

வேறு தீவிலிருந்து ஒரு அம்மையார் நீதிபதியாக வந்தார். யாரையும் தெரியாது, யார் வீட்டிலும் சாப்பிட்டதில்லை. இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வில்மத் வேலியைக் காட்டி, "இவங்களுக்குப் பள்ளத்துப் பக்கமா சுலபமான வழி இருக்குதும்மா" என்றான். "அப்படியா, முன்னாடி நடங்க" என்றார் அம்மையார். பாதி வழியில் வில்மத் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அம்மையாரின் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் புதைந்து கிடக்கிறது. பாதை எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பு வந்துவிட்டது.

அன்றே சீமைப்பலாவைச் சுட்டு, பாரை பொரித்து, ஐயா வீட்டுக்கு ஓடினேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. வாசனை மட்டும் உள்ளே போனது. "அப்பீல் கெடு முடியலப்பா. நான் இதைத் தொட்டேன்னு தெரிஞ்சா, தீர்ப்புல ஏதோ நடந்திருக்குன்னு வில்மத் கிளப்பிவிடுவான். எடுத்துட்டுப் போ" என்றார். சொல்லும்போதே எச்சில் விழுங்கினார். அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. வக்கீலாக இருந்து எனக்காகச் சாப்பிட்டவர், நீதிபதியாகி எனக்காகப் பட்டினி கிடக்கிறார். இப்படி ஒரு மனிதரை நமக்குக் கொடுத்த கடவுளுக்கு உன் சபையிலும் எழுந்து ஒரு நன்றி சொல். இந்தத் தடவை யாரும் தடுக்க மாட்டார்கள்.

உன் கைகளுக்கும் முழங்காலுக்கும் பலம் உண்டாக வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி
கத்பர்ட் ஆலிவியர்

பின்குறிப்பு: பாதை அடைத்திருந்த காலத்தில் அதையொட்டி நான் கட்டிய படுக்கையறை உனக்குத் தெரியும். இப்போது ஊரே ஜன்னலடியில் பேசிக்கொண்டு நடக்கிறது, வில்மத்தின் பன்றிகள் உட்பட. வெர்லினின் நிம்மதிக்காக நேற்று இரண்டு கம்பங்கள் நட்டு, சின்னதாக ஒரு கேட் போட்டேன். வில்மத் வந்து தீர்ப்பை வரி விடாமல் படித்துக் காட்டினான். இன்று சீமைப்பலாவோடு பட்டணத்துக்கு வக்கீல் பார்க்கப் போயிருக்கிறானாம். அடுத்த பீப்பாயில் டின் மீன் வேண்டாம் அக்கா, நல்ல பூட்டாக ஒன்று வை.