சொல்லாமல் கூப்பிட்ட குற்றம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். மனசைப் பற்றிக் கீழே வருகிறது. அங்கே உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. போன் இருக்க இவர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். வினையே போனால்தான் வந்தது.

போன வாரம் கரண்ட் போயிற்று. உடனே மகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, டார்ச் பாட்டரிய எங்க வெச்சுட்டுப் போன?" என்று கேட்டேன். மீட்டிங்கிலிருந்து வெளியே ஓடிவந்து, "யாருக்கு என்னப்பா ஆச்சு?" என்று மூச்சு வாங்கினாள். அங்கே முன்கூட்டிச் சொல்லாமல் கூப்பிட்டால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தமாம். "முதல்ல மெசேஜ் போடுங்கப்பா" என்றாள். பாட்டரி எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாள் ஒழுங்காக, 'உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும்' என்று மெசேஜ் போட்டேன். அதற்கு முன்னைவிட அதிகமாகப் பதறினாள். சரி, இங்கே எல்லோரும் செய்வதுபோலப் பேசியே பதிவுசெய்து அனுப்பினால், அங்கே குரலில் அனுப்புவது நாகரிகம் இல்லையாம், எழுதித்தான் அனுப்ப வேண்டுமாம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அங்கே அதற்கு 'ரொம்ப சந்தோஷம்' என்று பொருளாம். எனக்கென்னவோ மேலதிகாரி என் லீவு லெட்டரைப் படிக்காமலே ஓரமாகத் தள்ளியதுபோல் இருந்தது.

அதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப குரூப்பிலிருந்து அவள் வெளியேறிவிட்டாள். அங்கே இந்த குரூப் இருக்கும் ஆப்பையே யாரும் வைத்துக்கொள்வதில்லையாம். நீங்கள் வந்தபோது உங்கள் ஊர் ஆப்பை என் போனிலும் போட்டுக்கொடுத்தீர்கள். மதியம் கண்ணயரும் நேரமெல்லாம் அது கத்தியதால் அன்றைக்கே அதன் வாயை அடைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விடிந்தால் பூப்படம் அனுப்பும் என் தம்பி, "அண்ணே, பொண்ணு நம்மள தலை முழுகிட்டா போல" என்கிறான். உங்கள் அத்தையோ, "ஒரு பாட்டரிக்காகப் புள்ளைய தொலைச்சீங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மாப்பிள்ளை, நான் டெலிபோன் லைன்மேனாக இருந்தவன். கொட்டும் மழையில் கம்பம் ஏறி, எத்தனையோ அப்பாக்களுக்கு மகள் குரலைக் கேட்கவைத்திருக்கிறேன். இப்போது என் மகளோடு பேச எனக்கு வழி தெரியவில்லை. அவள் ஊர் மரியாதை அவளுக்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை குரலைக் கேட்டால் போதும். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இருவரும் பல்லாண்டு சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: மேலே உள்ள எதையும் படிக்காதீர்கள். போனைத் துடைக்கிறேன் பேர்வழி என்று உங்கள் அத்தை எதையோ அழுத்த, நான் வாயடைத்து வைத்த ஆப் திறந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் என் மகள் அதில் அனுப்பியிருக்கிறாள். எழுதி அல்ல, குரலில்! "அப்பா, அந்த குரூப்ல பூப்படத்துக்கு நடுவுல உங்க மெசேஜையே தேட வேண்டியிருக்கு. இங்க நாம மட்டும் பேசலாம். ஆபீஸ்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க, பரவால்ல. அப்புறம், பாட்டரி ஃபிரிட்ஜ் மேல டப்பால இருக்கு."

அங்கேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து, அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.